பத்தொன்பதாவது பேர்

இந்தப் படியைக் கூட்ட வேண்டுமா அண்ணே? காலைத் தூக்கிக்கொள்கிறேன், நீங்கள் கூட்டுங்கள். உள்ளே போகச் சொல்லாதீர்கள், அது போதும். உள்ளே முன் வரிசையில் என் பேர் ஒட்டிய நாற்காலி ஒன்று இருக்கிறது. சால்வை போடுவார்கள். அதற்குப் பயந்துதான் இந்தச் சமையல்கட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழ்தானே நீங்கள்? பார்த்ததுமே நினைத்தேன். எந்த ஊர்? அறந்தாங்கி பக்கமா. எங்கள் பூட்டன் கப்பலேறியதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் என்று வீட்டில் சொல்வார்கள். சட்டையில் ரபீக் என்று தைத்திருக்கிறதே, அதுதான் உங்கள் பேரா? ஓ, முன்னால் இருந்தவருடைய சட்டையா. சரி சரி. தோள் கொஞ்சம் தொங்குகிறது.

ஐந்து நிமிடம் உட்காருங்கள். சூப்பர்வைசர் வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாது. நீங்கள் என்னை இனிமேல் பார்க்கப்போவதில்லை.

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை அண்ணே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் எங்கெங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டுவார்கள். நான் ஒரு வரி எடுத்தால்கூட எங்கே எடுத்தேன் என்று கீழே எழுதுவேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் ஒரு தப்பு செய்தால் தோட்டத்துப் பிள்ளைதானே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தில் எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். மூன்று தடவைகூடப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துத்தான் இது வந்தது. ஒரு தடவையோடு விட்டிருக்கலாம்.

உள்ளே நாற்காலி போட்டது நீங்கள்தான், ஆனால் எதற்கென்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சயாம் மரண ரயில் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்தான். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டுக்குள் தண்டவாளம் போட வேண்டும் என்றான். இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களை லோரியில் அள்ளி, சரக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுபோனான். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லி. அங்கே காலராவில், காய்ச்சலில், அடியில் ஆயிரக்கணக்கான பேர் போனார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே வரிசையாகக் கல்லறை இருக்கிறது, கல்லில் பேர் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பேர் இல்லை.

உங்களிடமும் வேறு வேலை என்றுதான் சொன்னார்களா? கடையில் என்றா. பாஸ்போர்ட் ஏஜென்ட்டிடமா இருக்கிறது? அது பத்திரமாகத்தான் இருக்கும் அண்ணே, பயப்படாதீர்கள். நான் சொல்வது அந்தக் காலத்து விஷயம்.

எங்கள் குழு பதினோரு வருடமாக ஜப்பான்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நடந்தது அடிமை வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு வருந்துகிறோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று. ஆதாரம் எங்கே, பட்டியல் எங்கே என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதனால் தோட்டம் தோட்டமாகப் பட்டியல் எடுக்கிறோம். இன்று வெள்ளைக்கல் தோட்டத்து நினைவுக்கல் திறக்கிறார்கள். அறுபத்துமூன்று பேர். ஜப்பான் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார், அதோ அந்தக் கறுப்புக் கார் அவருடையது. முதல் தடவையாக வந்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைச் சரிபார்த்தது நான். அதில் பத்தொன்பதாவது பேர் நல்லண்ணன். என் பூட்டன், தாத்தாவின் அப்பா. அவர் சயாமுக்குப் போகவே இல்லை அண்ணே.

எங்கள் வீட்டில் சொல்லும் கதை வேறு. பூட்டன் நல்லண்ணன் சயாமுக்குப் போய்ச் செத்துப்போனார். அப்போது பூட்டி வயிற்றில் எங்கள் தாத்தா நான்கு மாதம். குருசாமி என்று ஒருவர், குடும்பம் இல்லாதவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நல்ல மனசோடு பூட்டியையும் பிள்ளையையும் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் தாத்தாவின் ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், அப்பா பேர் குருசாமி என்று இருக்கிறது. இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இந்த வேலைக்கு நேர்முகத்தில் முதல் கேள்வியே, இதில் உனக்கு என்னம்மா அக்கறை என்பதுதான். என் பூட்டன் அங்கே செத்தார் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. யுத்தத்துக்கு முந்தியது, பாதி செல்லரித்தது. அதில் நல்லண்ணன் பேர் இருந்தது. ரப்பர் தகடு அழுத்தும் உருளையில் இடது கை மாட்டி, இரண்டு விரல் போய்விட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? பூட்டனைப் பற்றி முதல் தடவையாக ஒரு சேதி கிடைத்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன். எதிரே சுவரில் தாத்தாவின் கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார் அவரை வளர்த்த குருசாமி. இடது கை. சின்ன வயதில் அந்தக் கையைப் பார்த்து, இவர் ஏன் மூன்று என்று காட்டுகிறார் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

எச்சில் கையோடு எழுந்து போட்டோவின் பக்கத்தில் போய் விரல்களை எண்ணினேன்.

இரண்டு பேருக்குமே அதே விரல்கள் போயிருக்கலாமே என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். குருசாமிக்கு இரண்டு தடவை மலேரியா, ஒரு தடவை பல்வலி. கையில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் தைலம்மாவைப் பார்க்கப் போனேன். அந்தத் தோட்டத்தில் அப்போது இருந்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான். எண்பத்தைந்து வயது, முதியோர் இல்லத்தில் இருந்தார். ஹேண்ட்போனில் பதிவு செய்தேன். நாற்பத்தொரு நிமிடம்.

“யாரு வூட்டுப் புள்ள நீ?” என்றார்.

“லோரி ஓட்டுறாரே கதிரேசன், அவரு மக பாட்டி. குருசாமிக்குக் கொள்ளுப்பேத்தி.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரம்மா எழுந்துவிட்டார். “குருசாமிக்கு ஏதுடி கொள்ளுப்பேத்தி. அந்த மனுசனுக்குப் பொண்டாட்டியே கெடயாது. கூடையில மொளச்சியா நீ?”

சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“ஒனக்குத் தெரியாதா? கருமம். சொல்றேன், அந்தப் பிஸ்கோத்தை இப்படித் தள்ளு.”

உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பெரட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். விடிந்ததும் ஆட்கள் எல்லாம் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி, அதாவது கணக்கர், பேர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் ‘ஐயா’ என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகக் கணக்கு. அவ்வளவுதான். குடும்பம் இல்லாத ஆட்கள் யாராவது ஒரு வீட்டில் தங்கள் அரிசியைக் கொடுத்துச் சாப்பிடுவார்கள். சாப்பிடுகிற வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவார்கள், விறகு பிளப்பார்கள். அந்த வீட்டு ஆள் பெரட்டுக்கு வர நேரமானால் அவருக்கும் சேர்த்து இவரே ‘ஐயா’ சொல்லிவிடுவார். எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

தைலம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். எனக்கு மனப்பாடம்.

“நல்லண்ணன் கிராணி வூட்டுக்குப் புல்லு வெட்டப் போவாரு. அங்க காதுல விழுந்துருச்சு, லோரி வருது, தன் பேரு இருக்குன்னு. குருசாமிக்கிட்ட வந்து, அரிசி குடுக்குறாங்களாம், பேரு கூப்புடுவாங்க, எனக்குக் காச்சலா இருக்கு, நீ ஐயான்னு சொல்லி வாங்கிட்டு வந்துருன்னாரு. நான் அங்கதான் நின்னேன், மூக்கு ஒழுகிக்கிட்டு. ஒம்பது வயசு எனக்கு. குருசாமி கையில பால்வாளி இருந்துச்சு. குடு, நான் பாத்துக்கிறேன்னு நல்லண்ணன் வாங்கி வச்சிக்கிட்டாரு. ஒரு காலிச் சாக்கையும் குடுத்தாரு, அரிசி போட்டுக்க.”

“அவருக்குச் சந்தேகமே வரலையா பாட்டி?”

“சோறு போடுற வூடு. என்னான்னு சந்தேகப்படுவாரு? களத்துல பேரைக் கூப்புட்டாங்க, ஐயான்னாரு. கிராணி நிமிந்து பாக்கல. தலை எண்ணிக்கை சரியா இருந்தா போதும் அவருக்கு. லோரியில ஏறுன்னாங்க, ஏறிட்டாரு. அரிசி அடுத்த தோட்டத்துல குடுப்பாங்கன்னு நெனச்சாரோ என்னவோ. சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டே போனாரு. என்னைப் பாத்துக் கையாட்டுனாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா. மறுநா பெரட்டுல குருசாமின்னு கூப்புட்டாரு கிராணி. நல்லண்ணன் ஐயான்னாரு. அன்னிலேருந்து அவருதான் குருசாமி. லயத்து வூடுங்கள்ல எல்லாருக்கும் தெரியும். யாரு வாயத் தொறப்பா? ஒவ்வொரு வூட்லயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு.”

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “எழுதிட்டியா குருசாமி பேரை?”

“எழுதிட்டேன் பாட்டி.”

எழுதியிருந்தேன். என் குறிப்பேட்டில், பென்சிலில். அது பொய் இல்லை.

பட்டியலோடு சேர்க்க அந்தப் பதிவை எழுத்தில் கொடுக்க வேண்டும். களம் வருகிற மூன்று நிமிடத்தை மட்டும் எழுதினேன். களம், கிராணி, லோரி. ‘நல்லண்ணன் என்ற பேர் அழைக்கப்பட்டது, ஒருவர் குரல் கொடுத்தார், அவர் லோரியில் ஏற்றப்பட்டார்.’ இதில் எந்த வார்த்தை பொய் என்று சொல்லுங்கள். நூறு தடவை படித்துவிட்டேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் லோரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம பூட்டன் சயாமுக்குப் போகல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“தாத்தாவுக்கும் தெரியும். அந்த மனுசன் சாகறப்போ சொல்லிட்டுத்தான் செத்தாரு.”

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல.” அடுத்த டயருக்குப் போனார். அதையும் தட்டிவிட்டு நிமிர்ந்தார். “இங்க பாரு யோகா. தாத்தா ஐ.சி.ய எடுத்துப் பாரு, அப்பன் பேரு குருசாமி. புள்ள குட்டி இல்லாம போன மனுசனுக்கு நாம புள்ளைங்களா இருக்கோம். வருசா வருசம் படையல் போட்டு அவர் பேரச் சொல்லித்தான கும்புடுறோம். வேற என்னா செய்யணும்ங்குற?”

“அது பூட்டனுக்குப் போடுற படையல்தானப்பா.”

“பேரு அவருதுதான?”

“கல்லுல அவர் பேரு வரப்போறதில்லையே.”

“கல்லு,” என்றார் அப்பா. “பூட்டன் போயிருந்தா பூட்டிய யாரு பாத்திருப்பா? தாத்தா பொழச்சிருப்பாருங்குறியா? நீ படிச்சவ, எனக்குத் தெரியாது. எனக்கு எட்டு மணிக்கு லோடு.”

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

குழுவின் செயலாளர் தனபாலன் சார். உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாரே, அந்தக் குரல்தான். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாக பஸ்ஸில் தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறார். அவரிடமும் போனேன். போகாமல் இல்லை.

“சார், பட்டியல்ல ஒரு பேரு தப்பா இருந்தா என்ன ஆகும்?”

கண்ணாடியைக் கழற்றினார். “எந்தப் பேரு?”

“சும்மா கேக்குறேன் சார்.”

“இதெல்லாம் சும்மா கேக்கக் கூடாதும்மா. ஒரு பேரு தப்புன்னு அவங்களே கண்டுபிடிச்சா அறுபத்துமூணும் தப்புன்னு எழுதிக் குடுத்துருவாங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க.” கண்ணாடியைத் துடைத்தார். “ஆனா நாமே கண்டுபிடிச்சா திருத்திக்கலாம். கல்லு வெட்ட இன்னும் குடுக்கல. ஏதாச்சும் இருக்கா?”

பார்த்தீர்களா, அவர் கேட்டார். ஏதாச்சும் இருக்கா என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். என் மனசில் ஓடியது குருசாமி இல்லை அண்ணே. பேனாவைக் கீழே வைத்த அந்த மூன்று பேர்.

“ஒண்ணும் இல்ல சார்.”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

மற்ற அறுபத்திரண்டு பேருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பாதி நாள் அதை நம்பவும் செய்வேன். தைலம்மா பிப்ரவரியில் போய்விட்டார். சாவுக்குப் போனேன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள்கூட அதிகம் இல்லை. குருசாமியின் முகம் தெரிந்த கடைசி ஆள். இனி அவர்தான் சயாமுக்குப் போனார் என்பதற்குச் சாட்சி என் ஹேண்ட்போன் மட்டும்தான். நான் எழுதாமல் விட்ட முப்பத்தெட்டு நிமிடம். அதை நான் அழிக்கவில்லை. எத்தனையோ பேர் அழித்திருப்பார்கள்.

இன்றைக்கு இன்னொன்று இருக்கிறது. நானாக இழுத்துவிட்டுக்கொண்டது. விழாவை எப்படி நடத்தலாம் என்று பேச்சு வந்தபோது, வேலையில் சேர்ந்த புதிது, விரல் விஷயம் எல்லாம் தெரியாது, ஆர்வமாகக் கை தூக்கிச் சொன்னேன்: பெரட்டு மாதிரியே பேர் கூப்பிடலாம் சார், அந்தந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் எழுந்து ‘ஐயா’ என்று குரல் கொடுக்கட்டும். எல்லாரும் கை தட்டினார்கள். தனபாலன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று ஒத்திகை. பத்தொன்பது, நல்லண்ணன் என்றார். எழுந்து ‘ஐயா’ என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெரியம்மா அழுதுகொண்டே வந்து என் தலையில் கை வைத்தார். அவருடைய மாமனார் உண்மையாகவே போனவர், முப்பத்தொன்றாவது பேர். அந்தக் கை இன்னும் தலையில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வந்தேன்.

இன்றைக்கு அதை என்னால் சொல்ல முடியாது. பூட்டன் பேருக்கு நான் ஐயா சொன்னால், அன்றைக்கு நடந்ததையே திரும்ப நடத்துகிற மாதிரி. இதை நான் யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். என் வாயால் அது வரக் கூடாது.

கேட்கிறதா? கை தட்டுகிறார்கள். பேச்சு முடிந்துவிட்டது. இனிப் பேர்தான்.

ஒன்று. கேட்டீர்களா, எவ்வளவு கனமான குரல். அது முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், கூப்பிட்டது அவருடைய பெரிய தாத்தா பேர்.

யாரும் குரல் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சார் இன்னொரு தடவை கூப்பிடுவார். அந்த அதிகாரி பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து என்ன என்று கேட்பார். அறுபத்திரண்டு பேருக்கும் அது கெடுதல். எனக்காகச் சொல்லவில்லை.

நான்கு. ஐந்து. வேகமாகப் போகிறார்.

அண்ணே, நீங்கள் ஓர் உதவி செய்ய முடியுமா? ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு அந்த நல்லண்ணனைத் தெரியாது. அவர் செய்ததற்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் சொன்னால் அது வெறும் வார்த்தைதான், பாவம் ஒட்டாது. பின்னால் கதவோரமாக நின்றால் போதும். இங்கே ரொம்பப் பேருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. உறவுக்காரர் யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பேச்சே உங்கள் பேச்சில் இருக்கிறது, என்னைவிடப் பொருத்தமாக இருக்கும். சார் கேட்டால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன். நிஜமாகவே உடம்பு சுடுகிறது, தொட்டுப் பாருங்கள்.

பத்து.

முடிந்ததும் அப்படியே சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இந்தாருங்கள், என் டோக்கன். எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தத் துணிப்பையையும் வைத்துக்கொள்ளுங்கள், காலியாகத்தான் இருக்கிறது. சோறு மிஞ்சினால் கட்டிக்கொண்டு போகலாம், ரூமில் இருப்பவர்களுக்கும் ஆகும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் இருக்கிறேன்.

யோசிக்காதீர்கள் அண்ணே. பதின்மூன்று ஆகிவிட்டது. பேர் நினைவிருக்கிறதல்லவா? நல்லண்ணன். பத்தொன்பதாவது. அவர் பேரைச் சொன்னதும் ஒரு மூச்சு விட்டு, ஐயா. அவ்வளவுதான்.

அந்த விளக்குமாற்றை இப்படிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். பதினைந்து. போங்கள் போங்கள், அந்தப் பக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது.

அட, இவ்வளவு நேரம் பேசிவிட்டு உங்கள் பேரைக் கேட்கவே இல்லையே. சரி, போய்விட்டு வந்து சொல்லுங்கள்.